அண்ணனுக்குப் போட்ட சம்மணம்

எங்கள் தெருவில் எனக்கு நல்ல பெயர். இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே பிரிகிற தெரு அது. எண்பதுகளில் மொத்தமே இருபது வீடுகள்தான் இருக்கும். அதில் எந்த வீட்டில் அண்ணன் தம்பி அடித்துக்கொண்டாலும் உதாரணத்துக்கு என்னைத்தான் இழுப்பார்கள். "அந்தப் பையனைப் பாரு, அண்ணனைக் கண்ணுல வச்சுப் பார்த்துக்கிறான்" என்பார்கள். காதில் விழுந்தால் நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். அடக்கமான பையன் என்று அதற்கும் ஒரு பாராட்டு விழும். அது அடக்கம் இல்லை என்பது எனக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரியும். அண்ணனுக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அப்பா போன பிறகு வீட்டைத் தாங்கியவர். நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குத் தளம் போட்ட மறுநாள், அதற்குத் தண்ணீர் விட மேலே ஏறினார். சாரப் பலகை நழுவி, கீழே கொட்டியிருந்த ஜல்லி மேல் முதுகு அடிபட விழுந்தார். தண்டுவடம் போயிற்று. உயிர் பிழைத்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் பிழைக்கவில்லை.

மறுவாழ்வு ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் இருந்தோம். ஆபீசில் சம்பளமில்லா விடுப்புப் போட்டுவிட்டு நான்தான் கூட இருந்தேன். அங்கே நோயாளிக்குப் பாடம் எவ்வளவோ, கூட இருப்பவனுக்கும் அவ்வளவு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடுவது, டியூப் மாற்றுவது, புண் வராமல் தோலைப் பார்ப்பது என்று எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தார்கள். எலும்பைப் பற்றிச் சொன்ன டாக்டரை இன்னும் மறக்கவில்லை. குட்டையான மனிதர், மேசை மேல் ஒரு தொடை எலும்பை வைத்துக்கொண்டு பேசினார்.

"உடம்போட பாரம் ஏறினாத்தான் எலும்புக்கு வேலை. வேலை இல்லேன்னா அதுல இருக்கிற சுண்ணாம்புச் சத்து தானா கரைஞ்சு போயிடும். அடிபட்ட இடத்துக்குக் கீழ எல்லா எலும்பும் வருஷத்துக்கு வருஷம் மெலியும். சும்மா காலை ஒரு முறுக்கு முறுக்கினாலே ஒடையும். ஒடைஞ்சா அவருக்கு வலி தெரியாது. உங்க கைக்குத்தான் தெரியணும்."

அவர் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். ஊருக்கு வந்ததும் அதைப் பெரிய தாளில் நகலெடுத்து பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. காலைத் தூக்கும்போது தொடைக்கு அடியில் ஒரு கை, கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு கை. பேண்ட்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. கட்டைப் பலகை மேல் உட்கார வைக்கக் கூடாது. தினமும் படுக்கப் போகுமுன் இரண்டு தொடையிலும் புறங்கையை வைத்துச் சூடு ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் நிற்க வைக்க வேண்டும். மடங்காத காலை அழுத்தி மடக்கவே கூடாது. இந்தக் கடைசி வரிக்கு மட்டும் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தேன்.

நிற்க வைப்பதற்கு ஒரு ஃப்ரேம் வேண்டும். ஆஸ்பத்திரியில் வரைந்து கொடுத்த படத்தை எடுத்துக்கொண்டு தாம்பரம் மார்க்கெட் பின்பக்கம் இருந்த ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, ஜெயிலாட்டம் கீது? உள்ள யாரை வச்சுப் பூட்டப் போற?"

விஷயத்தைச் சொன்னேன். படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாங்கப் போன அன்று, குழாயின் ஒவ்வொரு முனையையும் ராவி வழவழவென்று ஆக்கி வைத்திருந்தார். "உங்க அண்ணன் நிக்கப் போற சாமான் சார். எங்கியும் குத்தக் கூடாது பாரு" என்றார். முட்டிக்கும் இடுப்புக்கும் மார்புக்கும் கெட்டியான தோல் வார் அடித்து, பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தார்.

பள்ளிக்கூட வேலை போன பிறகு அண்ணன் வீட்டிலேயே ட்யூஷன் எடுத்தார். முன்னறைச் சுவரில் பெரிய கரும்பலகை அடித்தோம். மாலை ஐந்து மணிக்கு நானோ அம்மாவோ, முடிந்தால் இருவருமோ, அவரை வீல் சேரிலிருந்து ஃப்ரேமுக்கு மாற்றி வார்களைக் கட்டுவோம். முடிச்சூர்ப் பக்கமிருந்து சைக்கிளில் வரும் பிள்ளைகள் உள்ளே நுழையும்போது அவர் கரும்பலகை முன்னால் நின்றுகொண்டிருப்பார். பலகையின் உச்சியில் தேதி எழுதுவார். அதற்கு அடியில் கணக்கு. நின்றால் அவர் என்னைவிட இரண்டு அங்குலம் உயரம் என்பது எனக்கு மாலை ஐந்து மணிக்குத்தான் ஞாபகம் வரும்.

அந்த ஒரு மணி நேரம் அவர் வேறு ஆள். உட்கார்ந்திருக்கும்போது, காபி ஆறிவிட்டது, பேப்பர் கசங்கிவிட்டது என்று எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார். நின்றதும் சிரிப்பும் கேலியும் வந்துவிடும். "டேய், உன் தலைக்கு மேல ஓடற கணக்குடா இது, எழுந்து நின்னு பாரு" என்பார் பையன்களிடம். ஐந்து வருஷம் ஒரு நாள் தவறாமல் நின்றார். காய்ச்சலென்றாலும் நிற்க வேண்டும் அவருக்கு. எலும்புக்காக நிற்கச் சொன்னார்கள், அவர் அவருக்காக நின்றார்.

எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். இங்கேதான் என் யோக்கியதை தெரிகிறது. தரகரிடம், "அண்ணனுக்குக் கால்ல கொஞ்சம் பலம் குறைவு, அவ்வளவுதான்" என்று சொல்லி வைத்தேன். முழுசாகச் சொன்ன இரண்டு இடங்கள் முழுசாகக் கை கழுவியிருந்தன. படுக்கையில் ஒருத்தர் இருக்கிற வீட்டில் யார் பெண் கொடுப்பார்கள் என்று எனக்குப் பயம். அண்ணனை நான் பாரம் என்று நினைத்ததில்லை என்று இவ்வளவு நாளும் சொல்லி வந்திருக்கிறேன். பொய். அந்த ஒரு வருஷம் தினமும் நினைத்தேன்.

கேளம்பாக்கத்துப் பக்கம் உப்பளத்தில் மேற்பார்வை வேலையிலிருந்த ஒருவர், ஒரு மாலை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். பெண்ணின் அப்பா. அண்ணன் ஃப்ரேமில் நின்று வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்துகொண்டிருந்தார். வந்தவர் வாசலிலேயே நின்று கணக்கு முடியும் வரை பார்த்தார். நான் உள்ளே ஓடி வீல் சேரைக் கதவுக்குப் பின்னால் தள்ளி, அதன் மேல் ஈரத் துண்டை உலர்த்துவதுபோல் போட்டேன். அரை மணி இருந்து காபி குடித்துவிட்டுப் போனார். இரண்டே நாளில் தரகர் வந்து, இடம் பிடித்துவிட்டது, தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள் என்றார். அண்ணன் நின்றதைப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டார்கள் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். இனி கல்யாணம் முடியும் வரை அந்த வீல் சேர் அவர்கள் கண்ணில் படக் கூடாது என்றும் முடிவு கட்டினேன்.

தட்டு மாற்றுவது எங்கள் பக்கம் பெண் வீட்டில்தான் நடக்கும். மூத்தவரால் வெளியூர் வர முடியாது என்றதும் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு வேனில் வருவதாகப் பேச்சு. அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தான் எதிரில் உட்கார்ந்து தட்டு வாங்க வேண்டும்.

"அவன் சேர்லயே உட்கார்ந்து வாங்கட்டுமே, யார் என்ன சொல்லப் போறா?" என்றாள் அம்மா.

"சம்பந்திங்க எல்லாம் கீழ உட்கார்ந்திருக்கும்போது இவர் மட்டும் மேல உட்கார்றதா? மரியாதையா இருக்குமாம்மா?" என்றேன். மரியாதை என்ற வார்த்தையை அன்று ஒரு பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

வீல் சேரைக் கொல்லையில் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சாக்கைப் போட்டு மூடினேன். முன்னறையில் அண்ணனுடைய ரப்பர் மெத்தையைப் போட்டு, அது தெரியாமல் ஜமுக்காளத்தை விரித்தேன். அம்மா சமையற்கட்டில் இருந்தாள். அண்ணனைத் தூக்கி வந்து சுவரோரம் சாய்த்து உட்கார வைத்தேன். பட்டு வேட்டி, சந்தனம், அயர்ன் போட்ட சட்டை எல்லாம் சேர்ந்து மாப்பிள்ளைக் களை அவர் முகத்தில்தான் இருந்தது.

"நான் கால் நீட்டியே உட்கார்றேன்டா. மேல ஒரு துண்டைப் போட்டுடு" என்றார்.

"பெரியவங்க எதிர்ல காலை நீட்டிக்கிட்டா? நல்லா இருக்காதுண்ணா. ஒரு அரை மணி நேரம் சம்மணம் போட்டுடலாம்."

"மடங்காதுடா."

"நான் மடக்கறேன்."

வலது கால் ஒருமாதிரி மடங்கியது. இடது காலுக்கு இடுப்பிலேயே இறுக்கம். மடக்கினால் முட்டி மேலே தூக்கிக்கொண்டு நின்றது. வேட்டி கூடாரம்போல் எழும்பி, பார்த்தவுடனே ஏதோ கோளாறு என்று தெரிந்தது. கையை எடுத்தால் முட்டி மறுபடி மேலே வந்தது. தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. பிள்ளைகள் "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று கத்தினார்கள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால், அந்தக் கால் மேல். சொன்ன பேச்சு கேட்காத கால் மேல். நிரம்பிவழியும் பெட்டியை மூடுவதற்கு மூடி மேல் ஏறி அழுத்துவோமே, அப்படி ஒரு கையால் பாதத்தைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு மறுகையால் முட்டியை என் பாரம் முழுக்கப் போட்டு அழுத்தினேன்.

முருங்கைக்காயை ஒடிக்கிற சத்தம் கேட்டது.

அண்ணன் என்னைப் பார்த்தார். "என்னடா சத்தம்?"

"பலகைண்ணா. மணைப் பலகை அசைஞ்சுது."

அவர் என் முகத்தையே ஒரு கணம் பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கால் நான் சொன்னபடி கேட்டது. இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. அதுவரை முரண்டு பிடித்த கால், ஒடிந்ததும் அழகாக மடங்கி வலது காலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வேட்டியை மேலே இழுத்துவிட்டு நான் வாசலுக்குப் போய் எல்லோரையும் கும்பிட்டு வரவேற்றேன். சிரித்த முகமாக இருந்தேன் என்று என் மனைவி பிற்பாடு சொல்லியிருக்கிறாள்.

தட்டு மாறியது. போட்டோ எடுத்தார்கள். அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெற்றிலை பாக்கும் பழமும் வைத்த தட்டை இரண்டு கையாலும் வாங்குகிறார். போட்டோ பார்த்த யாருமே அவருக்குக் கால் விளங்காது என்று சொல்ல மாட்டார்கள். கடைசியில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது, உதடு லேசாக நடுங்கியது. பெண்ணின் அப்பா, "பெரிய தம்பிக்கு உடம்புக்கு ஏதாவது..." என்று ஆரம்பித்தார். "வெயில் சார், வேற ஒண்ணுமில்ல" என்றார் அண்ணன்.

அன்று படுக்கப் போகுமுன் நான் அவர் தொடையில் கை வைத்துப் பார்க்கவில்லை. ஐந்து வருஷத்தில் அது ஒரு நாள்தான் தவறியது. மறந்து தவறவில்லை. வைத்துப் பார்த்தால் என்ன தெரியும் என்று தெரிந்ததால் வைக்கவில்லை.

காலையில் உடம்பு துடைக்கப் போன அம்மா அலறினாள். இடது தொடை சுரைக்காயாக வீங்கிப் பளபளவென்று இருந்தது. தொட்டால் கொதித்தது. டாக்சி பிடித்து தாம்பரத்தில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். முட்டிக்குச் சற்று மேலே தொடை எலும்பு ஒடிந்திருந்தது.

"எப்படி ஆச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தட்டு மாற்றும்போது ஒடிந்தது என்று அவளுக்குத் தெரிந்தால், நிச்சயத்தன்றே இப்படி ஆகிவிட்டதே, சகுனம் சரியில்லையே என்று கல்யாணத்தையே நிறுத்துவாள். பெண் வீட்டுக்குத் தெரிந்தால் அவர்கள் நிறுத்துவார்கள். இவ்வளவும் எனக்கு அந்த நொடியில் கணக்காகத் தெரிந்தது.

"முந்தாநாள் அம்மா கோயிலுக்குப் போயிருந்தப்ப, ஃப்ரேம்ல நிக்கும்போது டாக்டர். முட்டி வார் கழண்டு விழுந்துட்டாரு" என்றேன்.

டாக்டர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "ஆமா டாக்டர். வார் கழண்டுடுச்சு" என்றார்.

மாவுக்கட்டுப் போட்டால் உணர்ச்சியில்லாத காலில் அடியில் புண் வந்துவிடும் என்று, பஞ்சும் தலையணையும் வைத்து அணைகட்டி, மூன்று மாதம் அசையக் கூடாது என்றார் டாக்டர். எழுந்து கை கழுவிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "இனிமே நிக்கறதெல்லாம் வேண்டாம். இந்த எலும்பு தாங்காது. மறுபடி விழுந்தா ரெண்டு காலும் போயிடும்." அவர் மேல் தப்பில்லை. தனக்குச் சொல்லப்பட்டதற்கு அவர் சரியாகத்தான் வைத்தியம் சொன்னார்.

கல்யாணம் நடந்தது. அண்ணன் வரவில்லை, வீட்டில் படுத்திருந்தார். மாலையும் கழுத்துமாக வந்து காலில் விழுந்தோம். தலையணைகளுக்கு நடுவில் இருந்த அந்தக் காலில்தான் விழுந்தேன்.

அம்மாவுக்கு அந்த ஃப்ரேமைக் கண்டாலே ஆகவில்லை. பிள்ளையைத் தள்ளிவிட்ட இரும்பு என்று அதைத் திட்டுவாள். ஒரு நாள் தெருவில் பழைய இரும்புக்காரர் தள்ளுவண்டியோடு வந்தபோது, நான் வீட்டில் இருக்கும்போதே, அதைத் தூக்கிப் போட்டுவிட்டாள். பதிலுக்கு ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் வந்தது. பட்டறைக்காரர் முனை முனையாக ராவிக் கொடுத்த குழாய் வண்டியில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "வேணாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் வேண்டாம் என்று கேட்பாளே. அம்மா பேரீச்சம்பழத்தை எல்லோருக்கும் கொடுத்தாள். அண்ணன் வேண்டாமென்றார். நான் அவர் எதிரிலேயே இரண்டு தின்றேன்.

ட்யூஷன் தொடர்ந்தது. வீல் சேரில் உட்கார்ந்தபடி கரும்பலகையின் கீழ்ப் பாதியில் எழுதினார். மேல் பாதி சும்மா கிடந்ததால் அங்கே ஒரு ஆணி அடித்து மாதக் காலண்டரை மாட்டினேன். பிள்ளைகளிடம் கேலி குறைந்தது. மாலை ஐந்து மணிக்கும் அவர் காபி ஆறிவிட்டதென்று எரிந்து விழ ஆரம்பித்தார். அம்மாவும் என் மனைவியும், வயசாக ஆக அவருக்குக் கோபம் அதிகமாகிறது என்று பேசிக்கொள்வார்கள். நானும் தலையாட்டுவேன்.

கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவி பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். "எங்கப்பா முதல் தடவை வந்தாரே, அன்னிக்கே அந்த வீல் சேரைப் பார்த்துட்டாராம். கதவு சந்துல சக்கரம் தெரிஞ்சுதாம். வீட்டுக்கு வந்து எங்கம்மாகிட்ட, இப்படி ஒரு அண்ணனை வச்சுக் காப்பாத்துற பையன், நம்ம பொண்ணை நல்லா வச்சுப்பான்னு சொன்னாரு. அதனாலதான் தட்டு மாத்த வரோம்னு உடனே சொல்லி அனுப்பினாங்க."

நான் மறைத்ததைப் பார்த்துத்தான் எனக்குப் பெண் கொடுத்திருக்கிறார்கள். அப்போதாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். "குழம்பு நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனேன். அவள் சமையற்கட்டில் முருங்கைக்காய் ஒடித்தால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவேன். எனக்கு முருங்கைக்காய் பிடிக்காது என்று அவள் வாங்குவதையே நிறுத்திவிட்டாள்.

இப்படியே ஆறு வருஷம் போயிற்று. அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். தொண்ணூறுகளின் நடுவில், இப்படிப்பட்டவர்களை வீடு தேடி வந்து பார்க்கும் ஒரு சேவை அமைப்பிலிருந்து, பிசியோதெரபி படித்த ஒரு பெண் வந்தார். முப்பது வயது இருக்கும். பஸ்ஸில் வந்து இறங்கி, வெயிலில் நடந்து வந்த களைப்போடு முகம் கழுவிக்கொண்டு நேராக வேலையில் இறங்கினார். இரண்டு தொடையிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். காலைத் தூக்கும்போது தொடைக்கு அடியில் ஒரு கை, கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு கை. எனக்குப் பீரோ கதவு ஞாபகம் வந்தது.

"முட்டி ரெண்டும் இப்படி இறுகிப் போயிருக்கே சார். நிக்கறதே இல்லையா?"

"முன்னாடி நின்னேன். ஃப்ரேம்லேருந்து விழுந்து ஒடைஞ்சுடுச்சு. வேணாம்னுட்டாங்க" என்றார் அண்ணன்.

பழைய எக்ஸ்ரேயைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "இது விழுந்து ஒடைஞ்ச மாதிரி தெரியலையே. ஒடைவு சுத்திக்கிட்டுப் போகுது பாருங்க. முறுக்கினாத்தான் இப்படி ஒடையும்." பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். "யாராவது காலைப் பிடிச்சு மடக்கினீங்களா?"

என் மனைவி டீ டம்ளரோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். சுவரில் அந்தப் போட்டோ மாட்டியிருந்தது. நான் எக்ஸ்ரே உறையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"நானேதான் மேடம்" என்றார் அண்ணன். "சம்மணம் போட்டு உட்காரணும்னு ஒரு ஆசை. நானே கையால அமுக்கி மடக்கினேன்."

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. "அப்ப நின்னதுனால ஒடையலையா? இத்தனை வருஷம் நின்னிருக்கலாமே சார். நின்னா எலும்பு பழையபடி ஆயிடும்னு நான் சொல்ல மாட்டேன். முட்டியாவது இப்படி இறுகியிருக்காது." நோட்டில் எழுதினார். எழுதிக்கொண்டே, "நான் மெதுவா ஆரம்பிச்சுப் பார்க்கலாம்னுதான் நினைச்சேன். ஆனா நீங்களே இப்படி இஷ்டத்துக்குக் காலை முறுக்குவீங்கன்னா என்னால ரிஸ்க் எடுக்க முடியாது. கேஸை முடிச்சுடறேன்" என்றார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

என் மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் அண்ணன் காலடியில் உட்கார்ந்தேன்.

"அண்ணா, அன்னிக்கு நான் பலகைன்னு சொன்னேனே..."

"அந்த ரூம்ல பலகையே இல்லையேடா" என்றார். "எனக்கு அடியில இருந்தது ரப்பர் மெத்தை. இடுப்புக்குக் கீழதான் எனக்குப் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு."

"அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணா?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன். டாக்டர் கேட்டப்ப சொல்லுவேன்னு பார்த்தேன். அம்மா இருந்தா, உன் கல்யாணம் இருந்துது, சரின்னு விட்டேன். கல்யாணம் ஆன அப்புறம் சொல்லுவேன்னு பார்த்தேன். நீ பேரீச்சம்பழம் தின்னே." அவர் குரல் உயரவில்லை, அதுதான் தாங்கவில்லை. "இப்பக்கூட பாரு. அந்தம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லாம, அவங்க போன அப்புறம் எங்கிட்ட சொல்றே. எங்கிட்ட எதுக்குடா? எனக்குத்தான் தெரியுமே."

எழுந்தேன். சட்டை போடாமல் பனியனோடு இருந்தேன், அப்படியே ஓடினேன். நாற்பதை நெருங்கும் ஆள், நல்ல பெயர் எடுத்த ஆள், பனியனும் லுங்கியுமாகத் தெருவில் ஓடுவதை எல்லோரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு ஓடினார்கள்.

ஜி.எஸ்.டி. சாலை பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தார். சுற்றி ஏழெட்டுப் பேர். மூச்சு வாங்க, "மேடம், அவர் மடக்கல. நான்தான் மடக்கினேன்" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"எந்தக் கையால அமுக்கினீங்க? பாதத்தை உள்பக்கமா திருப்பினீங்களா, வெளிப்பக்கமா? காலை மெதுவா தூக்கணும், மடக்கக் கூடாதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லித் தரலையா?"

"சொல்லித் தந்தாங்க" என்றேன். "எழுதி ஒட்டி வச்சிருந்தேன்."

அதையும் எழுதிக்கொண்டார். பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, "அடுத்த வாரம் வரேன். நீங்க வீட்ல இருங்க. தினமும் தூக்கப் போற கை உங்களுதுதான்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பினேன். அக்கம்பக்கத்தவரை அண்ணனே சமாதானம் சொல்லி அனுப்பியிருந்தார். என் மனைவி கூடத்தில் நின்று அந்தப் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசியதை உள்ளிருந்து கேட்டிருக்கிறாள். ஒரு வாரம் என்னோடு பேசவே இல்லை.

"சொன்னியா?" என்றார் அண்ணன்.

"சொன்னேன். அடுத்த வாரம் வராங்களாம்."

கரும்பலகையைப் பார்த்தார். "அந்தக் காலண்டரை எடு" என்றார்.

எடுத்தேன். ஆறு வருஷம் சாக்பீஸ் படாத அந்த இடம் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. அந்தப் பெண் சொன்னபடி வந்தார், ஒன்றரை வருஷம் வந்தார். சாய்வுப் பலகையில் படுக்க வைத்து, தலையணைகளை அணைகொடுத்து, வாரத்துக்கு ஒரு விரற்கடை உயர்த்தினோம். ஒவ்வொரு நாளும் தொடைக்கு அடியில் ஒரு கையும் கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு கையும் வைத்து நான்தான் தூக்கினேன். முட்டி நிமிரவில்லை. அதற்கு மேல் அழுத்தினால் ஒடியும் என்று ஓர் அளவோடு நிறுத்திக்கொண்டோம். பாதி சாய்ந்தும் பாதி நின்றும் அவர் சாக்பீஸ் பிடித்த கையை நீட்டிப் பார்ப்பார். கை அந்தக் கறுப்பு இடத்துக்கு ஒரு முழம் கீழேயே நிற்கும். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசி வரை எட்டவில்லை. பிள்ளைகள் தேதியைக் கீழேயே எழுதிக்கொண்டார்கள்.